மாட்டுக்குத் தண்ணி காட்டுதல்

என் மகளுக்கு அப்போது இரண்டு வயதும் மூன்று மாதமும். ஞாயிற்றுக்கிழமை, பொழுது இறங்குகிற நேரம். காங்கயம் பக்கத்தில் எங்கள் தோட்டத்துக் கட்டுத்தறியில் அப்பா எருமைக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். "கண்ணு, கன்னுக்குட்டிக்குத் தண்ணி காட்டலாமுங்களா?" என்று பேத்தியைக் கேட்டார். அவள் விடுவிடுவென்று பொடக்காலிக்குப் போய், தன்னுடைய சில்வர் டம்ளரில் தொட்டித் தண்ணீரை மொண்டுகொண்டு வந்தாள். கன்றுக்குட்டிக்கு இரண்டு முழம் தள்ளி நின்றாள். டம்ளரை அதன் கண்ணுக்கு நேராக உயர்த்திப் பிடித்து, "கன்னுக்குட்டி, பாரு, தண்ணி" என்றாள். அது கழுத்தை நீட்டி நாக்கைத் துழாவியதும் டம்ளரைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். காட்டச் சொன்னார் அப்பச்சி, காட்டிவிட்டாள், வேலை முடிந்தது.

அப்பா சிரிக்கவில்லை. "கண்ணுல காட்டியாச்சுங் சாமி. இப்ப வாய்ல காட்டுவமா?" என்று வாளியைக் கன்றின் வாய்க்கு அடியில் கொண்டுபோய் வைத்தார். அது மூக்கு முழுக முழுகக் குடிப்பதை அவள் வாளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அசையாமல் பார்த்தாள்.

மாட்டைத் தண்ணீர் குடிக்க வைப்பதை எங்கள் பக்கம் தண்ணி காட்டுவது என்போம். மாட்டுக்குத் தண்ணி காட்டு என்று நான் பிறந்ததிலிருந்து கேட்கிறேன், சொல்கிறேன். அதற்குள் 'காட்டு' என்று ஒரு சொல் இருப்பது அன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது. அவளுக்குத் தெரிந்த காட்டு எல்லாம் ஒரே மாதிரி: பாப்பாவுக்கு நிலாவைக் காட்டு, அம்மாவுக்கு போட்டோவைக் காட்டு, அத்தைக்குப் பொம்மையைக் காட்டு. இன்னாருக்கு, இன்னதை, காட்டு. கன்னுக்குட்டிக்கு, தண்ணி, காட்டு. அச்சுப் பிசகாமல் அதே வாக்கியம். வாக்கியத்தின் வடிவத்தை நம்பி அவள் பொருளுக்குப் போயிருக்கிறாள். தப்பு அவளிடம் இல்லை, மாட்டுக்காரர்களின் வழக்கில் இருந்தது.

நான் படித்தது மொழியியல். பார்க்கிற வேலை திருப்பூரில், பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வீட்டுக்காரருக்கும் ஷிப்டு. அதனால் மகள் வாரம் முழுக்க அப்பச்சி அம்மிச்சியிடம் இருந்தாள். நான் சனி ராத்திரி போய்த் திங்கள் விடியற்காலை முதல் பஸ்ஸுக்குத் திரும்புவேன். படித்த படிப்பு பல வருடம் பெட்டிக்குள் கிடந்தது. அதை எடுக்க வைத்தது ஒரு பள்ளிக்கூடம்.

இரண்டரை வயதில் அவளைத் திருப்பூருக்கே கூட்டி வந்துவிடலாம் என்று ஒரு மழலையர் பள்ளிக்குப் போனோம். ஆசிரியர் ஒரு கட்டுப் பட அட்டைகளை எடுத்து ஒவ்வொன்றாக நீட்டினார். "இது என்ன?" சீமாறு படம். மகள் "கூட்டறது" என்றாள். கத்தரிக்கோல். "வெட்டும்." குடை. "விரி." மாம்பழம். "கடிக்கோணும்." பசு. "கறக்கோணும்." எனக்கு உடம்பெல்லாம் பூரித்தது. ஆசிரியர் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெருக்கல் குறி போட்டுக்கொண்டே வந்தார். பெயர் சொன்னால்தான் மதிப்பெண். கடைசியில், "பேச்சு கொஞ்சம் லேட்டா இருக்கு, எதுக்கும் டாக்டர்கிட்டக் காட்டுங்க" என்றார். இன்னொரு காட்டு.

பேச்சு தாமதமாகிற குழந்தைகள் உண்டு, அவர்களை மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் ஐந்து வினைச்சொற்களைச் சரியான பொருளில், சரியான பொருள்மேல் சொன்ன குழந்தைக்கு ஐந்து தப்பு போடுகிற அட்டை குழந்தையை அளக்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் எனக்கு முழுதாக அடங்கவில்லை. அவளை அங்கே சேர்க்கவில்லை. அன்று ராத்திரியே ஒரு நோட்டுப் போட்டேன். அவள் சொல்லும் வினைகளை மட்டும் எழுதும் நோட்டு. வாரநாட்களில் அம்மா போனில் சொல்வார், நான் எழுதிக்கொள்வேன்.

அட்டைக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது: குழந்தைகள் முதலில் பெயர்களைக் கற்கும், வினைகள் பின்னால்தான் வரும். உளவியல் ஆய்வாளர் டெட்ரி ஜென்ட்னர் 1982இல் இதை எல்லா மொழிக்கும் பொதுவாகவே வாதிட்டார். பெயர் சுட்டும் பொருள் கண்ணெதிரே நிற்கிறது, வினை என்பது பொருள்களுக்கு நடுவே உள்ள உறவு, அதைப் பிடிப்பது கஷ்டம் என்பது வாதம். நல்ல வாதம்தான். ஆனால் 1996இல் ட்வைலா டார்டிஃப் சீன மாண்டரின் பேசும் குழந்தைகளைப் பார்த்துவிட்டு, அங்கே பெயர்கள் அப்படி முந்திக்கொண்டு நிற்கவில்லை என்று காட்டினார். அந்த மொழியில் பெரியவர்கள் பெயரை விழுங்கிவிட்டு வினையை மட்டும் சொல்லிப் போவது சகஜம். அதைப் படித்தபோது எங்கள் வீட்டுத் திண்ணைதான் ஞாபகத்துக்கு வந்தது. "வந்துட்டாருங்களா?" "வந்துட்டாரு." "சாப்பிட்டாரா?" "இன்னும் இல்லீங், இப்பத்தான் தண்ணி வாத்துக்கறாரு." யார் வந்தார் என்று யாருமே சொல்லவில்லை, எல்லோருக்கும் புரிந்துவிட்டது. தமிழில் பெயர் இல்லாமல் வாக்கியம் ஓடும். வினை வேறு கடைசியில் வந்து நிற்கும், குழந்தையின் காதில் அதுதான் தங்கும். இப்படிப்பட்ட மொழியில் வளரும் குழந்தையை எங்கிருந்தோ வந்த பெயர் அட்டையால் அளப்பது எனக்கு அநியாயமாகவே படுகிறது.

சரி, வினை ஏன் கஷ்டம்? அப்பா காலையில் கன்றை அவிழ்த்து விடுகிறார் என்று வையுங்கள். குனிகிறார், முடிச்சை அவிழ்க்கிறார், கயிற்றைப் பிடிக்கிறார், கன்று துள்ளுகிறது, இழுக்கிறது, இவர் விடுகிறார், அது மடிக்கு ஓடுகிறது. எல்லாம் நாலு நொடி. அந்த நாலு நொடிக்குள் "உட்டாச்சு" என்று ஒரு சத்தம் குழந்தையின் காதில் விழுகிறது. இதில் எதற்கு அந்தப் பெயர்? சொல்லி வாய் மூடுவதற்குள் காரியமும் முடிந்துபோகிறது. கன்று அங்கேயே நிற்கும், அதை நூறு தடவை சுட்டலாம். விட்டதைச் சுட்ட முடியாது.

இதை அளந்து பார்த்தவர்கள் உண்டு. 1999இல் ஜேன் ஜில்லெட்டும், குழந்தைகள் மொழி கற்பதை ஆராய்ந்த லீலா கிளைட்மனும், அவர்களோடு சேர்ந்தவர்களும், தாய்மார் சின்னக் குழந்தைகளோடு விளையாடும் வீடியோக்களைச் சத்தமில்லாமல் கல்லூரி மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். தாய் ஒரு குறிப்பிட்ட சொல்லைச் சொன்ன இடத்தில் மட்டும் 'பீப்' ஒலிக்கும். அது என்ன சொல் என்று ஊகிக்க வேண்டும். பெயர்ச்சொற்களை ஏறக்குறைய நூற்றுக்கு 45 தடவை சரியாகச் சொன்னார்கள், வினைகளை 15 தடவைதான். மொழி முழுக்கத் தெரிந்த பெரியவர்களுக்கே இந்தக் கதி. 'நினை' மாதிரியான சொற்கள் கிட்டத்தட்ட யாருக்கும் சிக்கவில்லை.

நானும் செய்து பார்த்தேன். போனில் எடுத்த ஒரு வீடியோ: அப்பா கட்டுத்தறியிலிருந்து நாலு எட்டு நடக்கிறார், நின்று பேத்தியைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்கிறார், திரும்பிப் போகிறார். சத்தத்தைக் குறைத்து என் தங்கையிடம் கொடுத்தேன். "வா" என்றாள். "பாரு" என்றாள். "நில்லு?" மூன்று தடவை போட்டுப் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். அப்பா சொன்னது "மறந்துட்டனுங்." கயிற்றை எடுக்க மறந்துவிட்டார். மறதியை எந்தக் கேமராவால் படம் பிடிக்க முடியும்? ஆனால் என் மகள் மூன்று வயதுக்குள் "மறந்து போச்சு" என்று சரியான இடத்தில் சொல்லிவிட்டாள்.

கண் தராததை வாக்கியம் தருகிறது என்பதுதான் லீலா கிளைட்மன் வாழ்நாள் முழுக்க வாதாடிய கருத்து. வினையோடு எத்தனை பெயர் நிற்கிறது, அவை எந்த உருபோடு நிற்கின்றன என்பதே பாதிப் பொருளைச் சொல்லிவிடும் என்றார். அவரோடு வேலை செய்த லெட்டிஷியா நெய்கிள்ஸ் 1990இல் வெளியிட்ட சோதனையை நான் படிக்கும் காலத்திலிருந்தே மறக்கவில்லை. இரண்டு வயதுக் குழந்தைகள் அம்மா மடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். திரையில் வாத்து வேடம் போட்டவர், முயல் வேடம் போட்டவரின் தலையைப் பிடித்து அமுக்கிக் குந்த வைக்கிறார். அதே நேரத்தில் இரண்டு பேரும் ஒரு கையைச் சுற்றிக்கொண்டும் இருக்கிறார்கள். பாதிக் குழந்தைகளுக்கு 'வாத்து முயலை கோர்ப் செய்கிறது' என்று சொல்லப்படுகிறது, மீதிப் பேருக்கு 'வாத்தும் முயலும் கோர்ப் செய்கின்றன' என்று. கோர்ப் என்று ஒரு சொல்லே கிடையாது. அப்புறம் இரண்டு காரியத்தையும் பிரித்து இரண்டு திரையில் காட்டி 'கோர்ப் எங்கே?' என்று கேட்டால், முதல் கூட்டம் அமுக்குவதைப் பார்க்கிறது, இரண்டாவது கூட்டம் கை சுற்றுவதைப் பார்க்கிறது. அர்த்தமில்லாத சொல்லுக்கு, வாக்கியத்தை மட்டும் கொண்டு, இரண்டு வயதுப் பிள்ளைகள் அர்த்தம் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

எங்கள் தோட்டத்தில் அதைவிடக் கடினமான சோதனையை ஒரு கன்றுக்குட்டி நடத்தியது. அம்மா இவளுக்குச் சோறு ஊட்டுவார். யார் ஊட்டுவது? அம்மா. யார் வாயில் சோறு? இவள் வாயில். கட்டுத்தறியில் அப்பா சொல்வார், "கன்னுக்குட்டி ஊட்டுது, சித்த நேரம் ஊட்டட்டும்." எங்கள் பக்கம் கன்று பால் குடிப்பதைத்தான் ஊட்டுவது என்போம். ஊட்டுவது கன்று, வாயில் பால் போவதும் கன்றுக்கே. ஒரு சாயங்காலம் மகள் எருமையின் மடிக்கு எதிரே குத்தவைத்து உட்கார்ந்து வெகு நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அப்பச்சி, கன்னுக்குட்டி எருமைக்கு ஊட்டுதுங்களா?" அப்பா கையில் இருந்த சோளத்தட்டைக் கீழே வைத்துவிட்டார். பதில் சொல்ல வரவில்லை அவருக்கு. எனக்கும்தான். அம்மிச்சி பாப்பாவுக்கு ஊட்டுறாங்க என்றால், கன்னுக்குட்டி ஊட்டுது என்பதில் எருமைதானே பாப்பா? அவள் கணக்கில் ஒரு பிழையும் இல்லை.

ஒரே காட்சியை இரண்டு பக்கமிருந்தும் சொல்லலாம் என்பதுதான் இதிலுள்ள சிக்கல். நாய் துரத்தினால் பூனை ஓடுகிறது. ஒருவர் கொடுத்தால் இன்னொருவர் வாங்குகிறார். கண்ணுக்கு இரண்டும் ஒரே படம். சிந்தியா ஃபிஷரும் கிளைட்மனும் மற்றவர்களும் 1994இல் இதே மாதிரி இரட்டைக் காட்சிகளைச் சிறு பிள்ளைகளுக்குக் காட்டிப் புதுச் சொல்லைச் சொன்னபோது, வாக்கியத்தின் எழுவாயாக யார் நிற்கிறாரோ அவர் பக்கத்து வினையாகவே பிள்ளைகள் அதைப் புரிந்துகொண்டார்கள். என் மகளும் எழுவாயைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். ஊட்டு என்பது மட்டும் இரண்டு பக்கமும் போய் வருகிற சொல்லாக இருந்தது. ஒரு மாதம் கழித்து அம்மா போனில் சொன்னார்: "கன்னுக்குட்டி தானா ஊட்டுது, பாப்பாவுக்குத்தான் ஊட்டி உடோணும்"னு சொல்றா. 'ஊட்டி விடு' என்ற ஒட்டைப் பிடித்துக்கொண்டு அவளே இரண்டையும் பிரித்துவிட்டாள். நோட்டில் அந்தப் பக்கத்தில் தேதி போட்டு இரண்டு கோடு கிழித்து வைத்திருக்கிறேன்.

அப்பாவிடம் ஒரு பழைய டிவிஎஸ் இருக்கிறது. அவளை முன்னால் நிற்க வைத்துக் கிளுவை வேலி ஓரமாக ஒரு சுற்றுச் சுற்றி வருவார். ஒரு நாள் வாசலில் வந்து நின்றதும் அவள் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு "எறங்குங் அப்பச்சி" என்றாள். அவர் வண்டிக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு இறங்கினார். அவள் கையைத் தூக்கியபடியே நிற்கிறாள். "எறங்குங்!" "எறங்கீட்டனுங் சாமி." "எறங்குங்!" அழுகை வந்துவிட்டது. நான் போய்த் தூக்கிக் கீழே விட்டேன். அதே வாரம் பொம்மையைத் தொட்டிலில் போட்டுவிட்டு என்னிடம், "அம்மா, பொம்மையத் தூங்குங்க" என்றாள். தூங்க வையுங்கள் என்று அர்த்தம்.

மொழியியலாளர் மெலிசா போவர்மேன் தன் மகள்கள் பேசியதை வருடக்கணக்கில் எழுதி வைத்தவர். ஆங்கிலம் பேசிய அந்தப் பிள்ளைகளும் 'என்னைச் சிரிக்காதே' என்கிற மாதிரி, சிரிக்க வைக்காதே என்ற பொருளில், சொல்லியிருக்கிறார்கள். ஒரு செயலைத் தானாக நடப்பது, ஒருவர் நடத்துவது என்று இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்பது குழந்தைக்குத் தெரிந்துவிட்டது. அதற்குத் தன் மொழி எந்தச் சாவியைத் தருகிறது என்பதுதான் இன்னும் கையில் அகப்படவில்லை. பொம்மைக்கு 'ஐ' போட்டாள் பாருங்கள், அங்கேயே பாதி வேலை ஆகிவிட்டது.

தமிழில் அந்தச் சாவி எவ்வளவு சின்னது! இறங்கு, இறக்கு. மடங்கு, மடக்கு. திரும்பு, திருப்பு. நிரம்பு, நிரப்பு. ஆடு, ஆட்டு. மெல்லின எழுத்து வல்லினமாக மாறும், அல்லது ஒற்று இரட்டிக்கும், உலகமே தலைகீழாகிவிடும். பள்ளியில் தன்வினை பிறவினை என்று பட்டியலாக மனப்பாடம் செய்தோம், எனக்கு அப்போது அது உப்புச்சப்பில்லாமல் இருந்தது. வாசலில் டிவிஎஸ் மேல் நின்று ஒரு குழந்தை அந்த ஓர் எழுத்துக்காக அழுததைப் பார்த்த பிறகுதான் அதன் அருமை தெரிந்தது. பத்து நாள் இருக்கும். அதே வாசல், அதே வண்டி, கையைத் தூக்கி, "எறக்குங்" என்றாள். அப்பா இறக்கி விட்டார். அவள் பாட்டுக்குக் கோழியைப் பார்க்கப் போய்விட்டாள்.

இந்த ஒட்டுகளைக் குழந்தைகள் எவ்வளவு நம்புகிறார்கள் என்பதற்கு நம் பக்கத்து மொழியிலேயே ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறினால் தாளவாடிப் பக்கம் வீட்டுப் பேச்சாகவே கன்னடம் கேட்கும். கன்னடத்தில் 'குணி' என்றால் ஆடு, 'குணிசு' என்றால் ஆட்டுவி. 'இசு' என்ற ஒட்டு வந்தால் பிறவினை. ஜெஃப்ரி லிட்ஸும், லீலா கிளைட்மனும் அவர் கணவர் ஹென்றியும் 2003இல், மூன்று வயதுக் கன்னடக் குழந்தைகளுக்கு வாக்கியங்களைச் சொல்லிப் பொம்மைகளை வைத்து நடித்துக் காட்டச் சொன்னார்கள். பெரியவர்கள் ஒட்டைக் கவனித்தார்கள். குழந்தைகளோ ஒட்டைக் கண்டுகொள்ளாமல், வாக்கியத்தில் எத்தனை பெயர் என்பதையே பார்த்தார்கள். இரண்டு பெயர் இருந்தால் ஒருவர் இன்னொருவரைச் செய்ய வைக்கிறார், ஒன்றே இருந்தால் தானாகச் செய்கிறார். 'பொம்மையத் தூங்கு' என்று என் மகள் சொன்னதும் இதே ரகம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. பெயரை அவள் சேர்த்துவிட்டாள், வினையின் ஒட்டு பின்னால் வந்து சேர்ந்தது.

ஆனால் நாம்தான் பெயர்களை விழுங்குகிறோமே, குழந்தை எதை எண்ணும் என்று கேட்கலாம். துருக்கி மொழியிலும் இதே பழக்கம் உண்டு. அங்கே அய்லின் குன்டாயும் டான் ஸ்லோபினும் ஒரு தாயின் பேச்சைக் கேட்டு 1996இல் எழுதியது எனக்கு எங்கள் அம்மாவையே பார்த்து எழுதியதுபோல இருந்தது. தாய் ஒரே காரியத்தை அடுத்தடுத்து, வார்த்தையைக் கொஞ்சம் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பார். அம்மா இவளுக்குத் தண்ணி வாக்கும்போது கேட்டிருக்கிறேன்: "சட்டையக் கழட்டுங் சாமி. கழட்டு. கழட்டட்டுமா? அம்மிச்சி கழட்டி உடட்டுமா? சட்டையக் கழட்டுனாத்தானுங் தண்ணி வாக்க முடியும். ஆங், கழட்டியாச்சு!" ஒரு வினை, ஆறு உடை. ஒரு தடவை சட்டை வருகிறது, ஒரு தடவை அம்மிச்சி வருகிறார், ஒரு தடவை யாருமில்லை. ஒன்றில் விழுங்கியதை இன்னொன்றில் கொடுத்துவிடுகிறார். யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

அந்தப் பேச்சில் பாதி, காரியம் நடப்பதற்கு முன்னால் சொல்வது என்பதையும் கவனியுங்கள். கழட்டட்டுமா, தூக்கட்டுமா, ஊத்தப் போறேன். மைக்கேல் டோமசெல்லோவும் ஆன் க்ரூகரும் 1992இல் இதைத்தான் கண்டார்கள்: செயல் நடந்துகொண்டிருக்கும்போது கேட்ட வினையைவிட, நடக்கப் போகிறது என்னும்போது கேட்ட வினையைக் குழந்தைகள் நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். சொல் முன்னால் போகிறது, குழந்தை காத்திருக்கிறது, காரியம் வருகிறது. அப்பா "தூக்கட்டுமா?" என்று குனியும்போது அவள் கை தானாக மேலே போகும். அந்தக் கை மேலே போகிற நொடியில் அந்த வினை அவளுக்குள் போய் உட்காருவதைக் கண்ணால் பார்ப்பதுபோல இருக்கும்.

பக்கத்துத் தோட்டத்தில் தறிக்குடோன். "தறி ஓடுதா?" என்று அப்பா கேட்டதைக் கேட்டுவிட்டு இவள் செருப்புக்கூடப் போடாமல் வாசலுக்கு ஓடினாள், தறி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க. கூட்டிக்கொண்டு போய்க் காட்டினோம். நாடா இங்குமங்கும் பறக்கிறது, தறி நின்ற இடத்தில் நிற்கிறது. "ஓடுல" என்று உறுதியாகச் சொல்லிவிட்டாள். அப்புறம் மோட்டார் ஓடியது, டிவி ஓடியது, சளி பிடித்து மூக்கும் ஓடியது. இரண்டு மாதத்தில் அவளே, "ஃபேன் ஓட மாட்டேங்குது" என்றாள்.

நோட்டில் 'பார்' என்ற சொல்லுக்கு மட்டும் தனியாக நாலு பக்கம். கிளைட்மனும் பார்பரா லாண்டாவும் 1985இல் எழுதிய ஆய்வில் பிறவியிலேயே பார்வை இல்லாத ஒரு சிறு பெண் வருகிறாள். 'பார்' என்ற சொல் அவளுக்கு வெறும் சத்தமாகத்தான் இருக்கும் என்றுதான் யாரும் நினைப்போம். 'மேலே பார்' என்றார்கள். பார்வையுள்ள பிள்ளைகள் கண்ணைக் கட்டியிருந்தபோதும் முகத்தை மேலே தூக்கினார்கள். இந்தப் பெண் தலையை அசைக்காமல் கையை மேலே தூக்கினாள். ஒரு பொருளைக் கொடுத்து 'தொடு, ஆனால் பார்க்காதே' என்றபோது லேசாகத் தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டாள். 'சரி, இப்போது பார்' என்றதும் இரண்டு கையாலும் அதைத் தடவித் தடவி ஆராய்ந்தாள். அம்மாவுக்குக் காட்டு என்றால் தூக்கிப் பிடிப்பாள். பிறர் தொடாமலே பார்ப்பார்கள் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஆங்கிலத்தில் படித்த இதை ஒரு நாள் அம்மாவிடம் தமிழில் சொன்னேன். அம்மா ஆச்சரியப்படவே இல்லை. "தொட்டுப் பாத்திருக்கறா, அவ்வளவுதானே" என்றார். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தொட்டுப் பார். தின்று பார். கேட்டுப் பார். மோந்து பார். போய்ப் பார். கண்ணுக்குச் சம்பந்தமே இல்லாத 'பார்' நம் வாயில் நாள் முழுக்க ஓடுகிறது. அந்தக் குழந்தை கண்டுபிடித்த பொருளை நம் மொழி எப்போதோ தனக்குள் எடுத்து வைத்திருக்கிறது. என் மகள் குழம்பை விரலில் தொட்டு நக்கிவிட்டு "பாத்தேன், காரம்" என்று சொன்னதை நான் அதற்கு முந்தின மாதம்தான் பிழை என்று நோட்டில் குறித்திருந்தேன். அடித்துவிட்டேன்.

மனசுக்குள் நடக்கும் வினைகளுக்குத் தமிழ் ஓர் உருபைத் துணைக்கு அனுப்புகிறது. எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும், எனக்குப் பசிக்குது, எனக்கு வலிக்குது. நான் செய்வது வேறு, எனக்கு நேர்வது வேறு என்று 'கு' சொல்லிவிடுகிறது. ஒரு ராத்திரி கரண்ட் போய்விட்டது. அம்மா விளக்கைத் தேடிக்கொண்டிருந்தார். இருட்டுக்குள்ளிருந்து, "அம்மிச்சி, எனக்கு இருட்டுது" என்று குரல் வந்தது. பயம் என்ற சொல் அவளுக்கு அப்போது தெரியாது. வெளியே நடக்கும் வினையை எடுத்து, 'எனக்கு' என்று முன்னால் வைத்து, உள்ளே நடப்பதாக ஆக்கிவிட்டாள். அந்த நோட்டில் எனக்கு ஆகப் பிடித்த வாக்கியம் இதுதான்.

வா, போ மட்டும் அவளுக்கு வெகு நாள் வரவில்லை. யார் எங்கே நிற்கிறார் என்பதை வைத்து மாறும் சொற்கள். வரவும் தரவும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, செலவும் கொடையும் படர்க்கைக்கு என்று தொல்காப்பியமே கிளவியாக்கத்தில் பிரித்து வைத்திருக்கிறது. ஆங்கிலக் குழந்தைகளைப் பார்த்து ஈவ் கிளார்க்கும் ஓல்கா கார்னிகாவும் 1974இல் எழுதியபடி, இந்தச் சொற்கள் பள்ளிக்கூட வயதிலும் முழுதாகப் பிடிபடுவதில்லை. நம் வழக்கு இன்னும் சுற்றி வளைத்தது. போகிறவர் போகிறேன் என்று சொல்லக் கூடாது, 'போயிட்டு வர்றேன்' என்றே சொல்ல வேண்டும்.

அந்த வாக்கியத்தை அவள் எல்லாத் திங்கட்கிழமையும் என்னிடமிருந்து கேட்டிருக்கிறாள். மூன்று வயது முடிகிற சமயம், பனி பெய்த ஒரு விடியற்காலை. அப்பா டார்ச்சை அடித்துக்கொண்டு தடத்து முனை வரை அவளைத் தோளில் தூக்கி வந்தார். பஸ்ஸின் வெளிச்சம் தூரத்தில் தெரிந்தது. நான் பையை மாட்டிக்கொண்டு திரும்பினேன், வழக்கமாகச் சொல்வதைச் சொல்ல வாயைத் திறக்கவில்லை. அதற்குள் அவள் அப்பச்சியின் தலையைக் கட்டிப் பிடித்தபடி, "அம்மா, போயிட்டு வர்றேன்" என்றாள்.

"செரிங் சாமி, போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு நான் பஸ் ஏறினேன்.